கால்பந்து அணியின் சேப்ளினாகப் பணியாற்றுவது எப்படி: இங்கிலாந்துக் கிளப் அனுபவத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குப் பயிற்சித் திடலுக்குள் நுழைந்ததும் நான் முதலில் போவது சலவை அறைக்கு. அணியை நடத்தும் மேனேஜரின் அறை மாடியில் இருக்கிறது. கூப்பிடாமல் அங்கே நான் ஏறுவதில்லை. சலவை அறையில் இரண்டு பெரிய இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருக்கும். சனிக்கிழமை ஆட்டத்தின் சேறு வாளியில் ஊறிக்கொண்டிருக்கும். சீருடைகளுக்குப் பொறுப்பான பெரியவர் காலுறைகளை ஜோடி சேர்த்தபடியே, தலையை நிமிர்த்தாமல், "அந்த இடப்பக்கப் பையன் இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை, பாஸ்டர்" என்பார். அன்றைய என் வேலை அங்கேயே தொடங்கிவிடும்.

வட இங்கிலாந்தில், கீழ்ப் பிரிவில் ஆடும் ஒரு தொழில்முறைக் கால்பந்து கிளப்பில் 11 ஆண்டுகளாகச் சேப்ளினாக இருக்கிறேன். லண்டன் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் ஊழியம் செய்யும் தம்பிமார் சிலரும் ஒரு தங்கையும் இந்தப் பணிக்குள் எப்படி வருவது என்று அண்மையில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

மருத்துவமனை, சிறை, ராணுவம், கல்லூரி என்று சபைச் சுவருக்கு வெளியே உள்ள ஓர் இடத்தில், அங்கே இருப்பவர்களின் மன ஆறுதலுக்கும் ஆன்ம நலனுக்கும் நியமிக்கப்படுபவரே சேப்ளின். இங்கிலாந்துக் கால்பந்துக்குத் திருச்சபை அந்நியமானதன்று. எவர்ட்டன் கிளப் 1878இல் செயின்ட் டொமிங்கோ மெதடிஸ்ட் சபையின் அணியாகப் பிறந்தது. மான்செஸ்டர் சிட்டி 1880இல் கார்ட்டன் பகுதியில் செயின்ட் மார்க்ஸ் ஆலயத்திலிருந்து கிளைத்தது. சவுத்தாம்ப்டனை இன்றும் 'புனிதர்கள்' என்று அழைப்பது, 1885இல் செயின்ட் மேரிஸ் ஆலய இளைஞர்கள் அதைத் தொடங்கியதால்தான். இன்று நாம் காணும் சேப்ளின் பணிக்கு வடிவம் கொடுத்தவர் ஜான் பாயர்ஸ் என்ற பாப்டிஸ்ட் போதகர். 1977இல் வாட்ஃபோர்ட் கிளப்பில் தொடங்கினார். 1991இல் இப்பணிக்கென்று ஓர் அமைப்பை நிறுவினார். அதுவே பின்னர் 'ஸ்போர்ட்ஸ் சேப்ளின்சி யூகே' என்று பெயர் மாறியது. 1992 முதல் மான்செஸ்டர் யுனைடெட்டிலும் நெடுங்காலம் பணியாற்றினார்.

முதல் படி: ஏன் போக விரும்புகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு மனைவியிடமோ கணவரிடமோ வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். "எனக்குக் கால்பந்து உயிர்" என்பது பதிலானால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு தொழில்முறை ஆட்டக்காரரைச் சுற்றியிருக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் அவரிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டும். ஏஜென்டுக்குப் பங்கு, மேனேஜருக்கு வெற்றி, ரசிகருக்குக் கையெழுத்து, ஊரில் உள்ள உறவினருக்கு டிக்கெட்டும் பணமும். அவரிடம் எதுவும் கேட்காத ஒருவர் அந்த வளாகத்தில் இருப்பதுதான் சேப்ளினின் முழுப் பயன். நீங்களும் ஒரு செல்ஃபி கேட்டுவிட்டால் வரிசையில் நிற்கும் இன்னொருவராகிவிடுகிறீர்கள். பிறகு அங்கே உங்களுக்கு வேலை இல்லை. நான் இத்தனை ஆண்டுகளில் ஒரு சட்டைகூடக் கேட்டதில்லை. என் மகன் கேட்டபோதும் கடையில் பணம் கொடுத்துத்தான் வாங்கினேன்.

சுவிசேஷம் அறிவிக்கக் கிடைத்த மேடை என்று நினைத்து வருகிறவர்களையும் நான் தடுப்பேன். அவர்களுடைய ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கிளப் நம்மை அழைப்பது வேறொன்றுக்காக. இங்கே இப்பணியில் உள்ளவர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கும் நெறி ஒன்று உண்டு. நலம் விசாரிப்பதில் நாம் முந்திக்கொள்ள வேண்டும். விசுவாசத்தைப் பற்றிப் பேசுவதை அவர்களே தொடங்கட்டும். துண்டுப் பிரசுரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இந்த நெறியைக் காப்பாற்ற முடியாது. ஆகவே அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: சபை, சான்று, பயிற்சி

முதலில் உங்கள் சபையின் ஒப்புதல் வேண்டும். சம்பளம் எதிர்பார்க்க முடியாது; பெரும்பாலானோர் வாரத்தில் அரை நாளும் ஆட்ட நாளும் தன்னார்வமாகக் கொடுப்பவர்கள். உங்களைத் தாங்கும் சபையோ வருமானமோ வேறிடத்தில் இருக்க வேண்டும். பிறகு மேற்சொன்ன 'ஸ்போர்ட்ஸ் சேப்ளின்சி யூகே' அமைப்பை அணுகுங்கள். பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல், பயிற்சி எல்லாம் உண்டு. தானாகக் கிளப் வாசலில் போய் நிற்பதைவிட இந்த வழியே நல்லது.

டி.பி.எஸ். எனப்படும் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் சிறார் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். இதில் முகம் சுளிக்கும் போதகர்களைப் பார்த்திருக்கிறேன். "ஊழியக்காரனையே சந்தேகிப்பதா?" என்பார்கள். ஆம், சந்தேகிக்கத்தான் வேண்டும். 2016 நவம்பரில் ஆண்டி வுட்வர்ட் என்ற முன்னாள் ஆட்டக்காரர், சிறுவயதில் தம் பயிற்சியாளரால் பாலியல் கொடுமைக்கு ஆளானதை வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு அணை உடைந்தாற்போலப் பலர் பேசத் தொடங்கினார்கள். பெரியவர்கள் மேல் பிள்ளைகள் வைத்த நம்பிக்கையை வைத்தே அந்தக் கொடுமை நடந்தது. அகாடமி எனப்படும் கிளப்பின் இளையோர் பயிற்சிப் பிரிவின் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நமக்கு விதிவிலக்கு கேட்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரோடு கதவை மூடிக்கொண்டு தனியே அமராதீர்கள். தனிப்பட்ட குறுஞ்செய்தியும் வேண்டாம்.

பெண்கள் அணிகளுக்கு ஆள் தேவை. பெண்கள் சூப்பர் லீக் 2018-19 பருவத்திலிருந்து முழுத் தொழில்முறைப் போட்டியாகிவிட்டது. கேட்ட தங்கைக்கு நான் சொன்னதும் இதைத்தான்: அங்கே போ அம்மா, உன் பணி அங்கே காத்திருக்கிறது.

மூன்றாம் படி: கிளப்போடு உடன்பாடு

நியமனம் கிளப்பின் நிர்வாகத்திடமிருந்து வர வேண்டும். மேனேஜர் ஒருவர் அன்பாக அழைத்தார் என்பது மட்டும் போதாது. மேனேஜர்கள் நிலைப்பதில்லை. நான் இருக்கும் இந்த 11 ஆண்டுகளில் எட்டுப் பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவருடைய ஆளாக உள்ளே போனால் அவரோடு வெளியே வர வேண்டியதுதான்.

அதே சமயம், முதல் அணியின் வளாகம் மேனேஜருடைய வீடு மாதிரி. புதிதாக ஒருவர் வந்த வாரமே ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, "நான் இன்னார், இதற்காக இருக்கிறேன், எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். எந்தெந்த நாள், எந்தெந்த அறை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், பத்திரிகையாளர் கேட்டால் என்ன செய்வது, சிறார் பாதுகாப்பு அதிகாரி யார் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுவது நல்லது.

நான்காம் படி: முதல் ஆறு மாதம்

ஒன்றும் நடக்காது. அதற்குத் தயாராக இருங்கள். தேநீர் குடியுங்கள், பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். வரவேற்பில் இருக்கும் அம்மா, புல் வெட்டுபவர், சமையல்காரர், கடையில் சட்டை விற்கும் பிள்ளை, வாயில் காவலர் எல்லோரும் உங்கள் மந்தைதான். ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று பருவத்தில் போய்விடுவார்கள். இவர்கள் இருபது, முப்பது ஆண்டுகளாக இருப்பவர்கள். ஆட்டக்காரர்களுக்கு நடுவே நீங்கள் நம்பத்தக்கவரா இல்லையா என்பதை முடிவு செய்வதும் பெரும்பாலும் இவர்களே.

உடை மாற்றும் அறைக்குள் அழைக்காமல் நுழையாதீர்கள். ஆட்டத்தின் நுணுக்கம் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். தோற்ற மாலையில் மேனேஜர் நடந்து வரும் நடைக்கூடத்தில் நிற்காதீர்கள். வென்ற மாலையில் கொண்டாட்டத்தின் நடுவே முகம் காட்டுவதைவிட, அன்று மாற்று ஆட்டக்காரர் வரிசையிலேயே கடைசிவரை உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

ஐந்தாம் படி: வாயைக் காப்பது

முதல் ஆண்டில் நான் செய்த தவறு இது. ஓர் ஆட்டக்காரருக்கு முழங்கால் பிசகியிருந்தது. அவரே சொல்லி, ஜெபிக்கவும் கேட்டார். நான் உருக்கத்தோடு புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவருடைய பெயரைச் சொல்லி ஜெபித்தேன். அங்கே இருந்தது பன்னிரண்டு பேர். வெள்ளிக்கிழமைக்குள் ரசிகர் வட்டாரத்தில் செய்தி பரவிவிட்டது. சனிக்கிழமை எதிரணி அந்தக் காலின் பக்கமாகவே தாக்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததா என்பது தெய்வத்துக்கே வெளிச்சம். அந்த ஆட்டக்காரர் கோபிக்கவில்லை. ஆனால் ஒரு பருவம் முழுவதும் என்னிடம் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினார்.

இதில் கால்பந்துச் சங்கத்தின் விதியும் உண்டு. 2014 ஆகஸ்டு முதல் இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்களும் கிளப்பைச் சேர்ந்தவர்களும் உலகின் எந்தக் கால்பந்து ஆட்டத்தின் மீதும் பந்தயம் கட்டக் கூடாது. உள்ளே தெரிந்த செய்தியைப் பந்தயத்துக்குப் பயன்படும்படி வெளியே சொல்வதும் விதிமீறல். யாருக்குக் காயம், யார் இறங்கப்போவதில்லை, யார் வேறு கிளப்புக்குப் போகிறார் என்பதெல்லாம் உங்கள் காதில் விழும். சபையிலும் வீட்டிலும் அவற்றைச் சொல்லாதீர்கள். ஜெபக் குறிப்பிலும் பெயர் வேண்டாம். "ஒரு சகோதரருக்காக" என்றால் ஆண்டவருக்குப் புரியும்.

இரகசியத்துக்கு ஓர் எல்லை இருப்பதையும் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்கோ, பேசுகிறவருக்கோ, வேறொருவருக்கோ ஆபத்து இருந்தால் உரிய அதிகாரியிடம் சொல்வேன் என்பதை எல்லாம் கேட்டு முடித்த பிறகு சொல்வது துரோகம்போல ஆகிவிடும்.

ஆறாம் படி: யாரைத் தேடிப் போவது

முதலில் காயம்பட்டவர்களை. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுந்தால் ஒன்பது மாதம், ஓராண்டுகூட ஆகும். மற்றவர்கள் திடலில் சிரித்து ஓடும் சத்தம் கேட்கும். இவர் பிசியோவின் (இயன்முறை மருத்துவரின்) மேசையில் படுத்திருப்பார். அணி வெளியூர் போகும்போது இவர் போவதில்லை. உடம்பே மூலதனமாக உள்ள ஒருவர் அந்த உடம்பை நம்ப முடியாமல் கிடக்கிற காலம் அது. பிசியோ அறைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர்கள், வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாகக் கடன் ஒப்பந்தத்தில் வந்து ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள், அவர்களின் மனைவிமார். ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் காலம் முடிகிற ஜனவரி கடைசியில் ஒரே இரவில் ஊர் மாறி வந்திருப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் மிகச் சாதாரணமான உதவி: மருத்துவரிடம் பதிவு செய்வது எப்படி, குழந்தைக்கு எந்தப் பள்ளி, நம் ஊர் அரிசி எங்கே கிடைக்கும். இங்கே புலம்பெயர்ந்து வந்து முதல் குளிர்காலத்தைத் தனியாகக் கடந்த தமிழருக்கு இந்த வலி சொல்லித் தர வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடுவிக்கப்படும் பிள்ளைகள், அதாவது ஒப்பந்தம் கிடைக்காமல் கிளப்பிலிருந்து அனுப்பப்படுபவர்கள். பதினாறு வயதில் அகாடமியில் இரண்டாண்டு பயிற்சி ஒப்பந்தம் பெறுவார்கள். பெரும்பாலோர் எட்டு, ஒன்பது வயதிலிருந்தே கிளப்பின் சட்டையைப் போட்டவர்கள். பதினெட்டில் ஒரு சிலருக்கே தொழில்முறை ஒப்பந்தம் கிடைக்கும். ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அழைத்துச் சொல்வார்கள். சில கிளப்புகளில் அது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

ஒரு வசந்த காலத்தில் அப்படிச் சொல்லப்பட்ட பையன் ஒருவன் பூட்ஸ் வைக்கும் அறையில் உட்கார்ந்திருந்தான். கதவைத் திறந்தே வைத்துவிட்டு, வாசலருகே இருந்த பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். அவன் பூட்ஸின் அடிக்குமிழ்களிலிருந்து காய்ந்த மண்ணை ஒரு பழைய கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தான். சுத்தமாகிவிட்ட பிறகும் சுரண்டினான். ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்து, "அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை" என்றான். அவனுடைய அப்பா பத்து ஆண்டு காலம், இரவுப் பணி முடித்துத் தூங்காமல் அவனைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டவர். அவனால் அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை. நான் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. அகாடமியின் நல அலுவலரிடம் சொல்லிவிட்டு, அவன் அப்பாவைத் தொலைபேசியில் அழைக்கும்போது அவனருகில் நின்றேன். அவ்வளவுதான்.

அதன் பிறகு மூன்று மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று நாட்காட்டியில் குறித்து வைத்து, நல அலுவலரின் ஒப்புதலோடு பெற்றோருக்குத் தெரியும்படி விசாரிக்க வேண்டும். இந்த விசாரிப்பைச் செய்யாத சேப்ளின் முக்கியமான வேலையை விட்டுவிடுகிறார் என்பது என் உறுதியான எண்ணம். மூத்த ஆட்டக்காரர்களுக்கும் இதே கதைதான். ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடியும், யார் தொடர்கிறார் என்ற பட்டியல் மே மாத வாக்கில் வெளியாகும். அந்த வாரங்களில் விடுமுறை எடுக்காதீர்கள்.

ஏழாம் படி: ஜெபமும் பிற மதத்தவரும்

வெற்றிக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்பார்கள். எதிரணிக்கும் ஒரு சேப்ளின் இருக்கிறார். காயமின்றித் திரும்பவும், பயமின்றி ஆடவும் ஜெபிக்கிறேன் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே ஞாயிறுகளிலும் ஆட்டம் இருப்பதால் ஆலயம் போக முடியாத பேஸ்பால் வீரர்களுக்காக, வாட்சன் ஸ்போல்ஸ்ட்ரா என்ற விளையாட்டுப் பத்திரிகையாளரின் முயற்சியில் 1973இல் 'பேஸ்பால் சேப்பல்' தொடங்கியது. மைதானத்துக்குள்ளேயே சுருக்கமான ஆராதனை நடக்கும். இங்கிலாந்தில் அதை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். இங்கே விசுவாசமுள்ள ஆட்டக்காரர் மூன்று பேர் கேட்டுக்கொண்டால் வேத வாசிப்பு நடத்தலாம். கேட்காதவரையில் காத்திருக்க வேண்டும்.

அணியில் இஸ்லாமியர்கள் இருப்பார்கள். அருகிலுள்ள பள்ளிவாசலின் இமாமை முன்கூட்டியே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ரமலான் நோன்பு நாள்களில் சமையல்காரரிடமும் பிசியோவிடமும் நேரத்தை நினைவூட்டுங்கள். 2021 ஏப்ரலில் லெஸ்டர் சிட்டிக்கும் கிரிஸ்டல் பேலஸுக்கும் நடந்த ஆட்டம், இரு ஆட்டக்காரர்கள் நோன்பு திறப்பதற்காகச் சில நொடிகள் நின்றது. கோல் கிக் எடுக்கும் சாக்கில், ஆரவாரமின்றி, இரு அணியும் பேசி வைத்துச் செய்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

எட்டாம் படி: பேரிடி விழும் நாள்

2012 மார்ச் 17 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில், போல்ட்டன் அணியின் 23 வயது ஃபேப்ரிஸ் முவாம்பா ஆட்டத்தின் நடுவே சரிந்தார். 78 நிமிடம் அவருடைய இதயம் தானாகத் துடிக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். மருத்துவமனையில் அவருடைய குடும்பத்தோடு இருந்தவர்களில் போல்ட்டனின் சேப்ளினும் ஒருவர். அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரலாம் என்று நினைத்து ஆயத்தமாக இருங்கள்.

கிளப்பின் அவசரத் திட்டத்தில் உங்கள் பெயரும் எண்ணும் இருக்கட்டும். அருகிலுள்ள மருத்துவமனையின் சேப்ளினைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு போங்கள், தண்ணீர், கைப்பேசிச் சார்ஜர், வாகனம் என்று கண்ணுக்குத் தெரிவதைக் கவனியுங்கள். கேமரா முன் நிற்காதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது சரியாகத்தான் செய்தார்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகே எல்லாம் கெட்டது. மறுநாள் அணியையும் மறக்கக் கூடாது. பக்கத்தில் நின்று பார்த்த சக ஆட்டக்காரர், முதலுதவி செய்தவர், பந்து எடுத்துப் போடும் சிறுவன் வரை எல்லோரிடமும் போங்கள்.

துயரம் ஆண்டுகளில் தேய்ந்துவிடுவதில்லை. 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்ட் மைதானத் தீயில் 56 பேர் இறந்தார்கள். இன்றும் அந்த ஊர் ஒவ்வோர் ஆண்டும் கூடி அவர்களை நினைவுகூர்கிறது. உங்கள் கிளப்புக்கும் அப்படி ஒரு தேதி இருக்கும். அதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: ரசிகர்கள்

அடக்க ஆராதனை நடத்தித் தரவும், அஸ்தியைத் திடலில் தூவவும் குடும்பங்கள் கேட்பார்கள். அஸ்தி புல்லைக் கருக்கிவிடும் என்பதால் பல கிளப்புகள் ஆடுகளத்தில் அனுமதிப்பதில்லை; ஓரத்திலோ நினைவுத் தோட்டத்திலோ இடம் தருவார்கள். புல் பராமரிப்பவரிடம் கேட்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு மழைக் காலைப்பொழுதில் ஒரு மூதாட்டி கணவரின் அஸ்தியோடு வந்தார். ஆட்டம் இல்லாத நாள். காலி இருக்கைகள் மட்டும் வரிசை வரிசையாக. கோல் கம்பத்துக்குப் பின்னால், புல் பராமரிப்பவர் முன்கூட்டியே தோண்டி வைத்திருந்த சிறு குழியில் அதை வைத்து ஜெபித்தோம். அவர் கழுத்திலிருந்த கிளப் சால்வையைக் கழற்றி நான்காக மடித்தார். உள்ளே போடுவாரோ என்று நினைத்தேன். மறுபடியும் விரித்துத் தம் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, "சனிக்கிழமை குளிரும்" என்றார். இரு இருக்கைகளின் சீசன் டிக்கெட்டையும் அவர் விடவில்லை. அந்தப் பருவம் முழுக்க, ஆட்டம் தொடங்கும் முன் அவரிடம் போய் ஐந்து நிமிடம் அந்தக் காலி இருக்கைக்கு அடுத்த படியில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

பத்தாம் படி: உங்களுக்கும் ஒருவர் வேண்டும்

கேட்ட துயரங்களை வீட்டில் சொல்ல முடியாது. ஆகவே கிளப்புக்குத் தொடர்பில்லாத மூத்த ஊழியர் ஒருவரை மாதம் ஒருமுறை சந்தியுங்கள். பெயர்களை அவரிடமும் சொல்ல வேண்டாம். மனநோய், சூதாட்ட அடிமைத்தனம், தற்கொலை எண்ணம் போன்றவற்றுக்கு உங்கள் ஜெபம் சிகிச்சைக்கு மாற்றாகாது. கிளப் மருத்துவரோடும், ஆட்டக்காரர் சங்கத்தின் உதவி எண்ணோடும் அவரை உடனே இணைத்துவிடுங்கள். ஆள் போகும்போது கூடவே போங்கள்.

விலகும் நாள் வரும்போது குறிப்பேட்டை அழித்துவிடுங்கள். புதியவரோடு இரண்டு மூன்று செவ்வாய்க்கிழமைகள் சேர்ந்து நடங்கள். பிறகு மைதானப் பக்கம் ஒரு பருவம் போகாதீர்கள், அவருக்கு இடம் விடுங்கள். பழைய ஆட்டக்காரர் ஒருவர் நடு இரவில் அழைத்தால் எடுத்துப் பேசுங்கள். பேசி முடிக்கும் முன் புதியவரின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.